சாந்தன்பாறை ஸ்டோரில் இரண்டு போர்டுகள்

பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் வீட்டுப் பெண் என் கூட்டாளி. கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். பெருமாட்டியில் எங்கள் வீட்டு மாடியறையில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்காக ஒரு கருவி செய்துகொண்டிருந்தோம். அது அறையின் சூட்டை அளந்து, அனல் ஊதும் விசிறியை நிறுத்தி ஓட்ட வேண்டும். அளவைக் கைப்பேசிக்கும் அனுப்ப வேண்டும். உள்ளே வேலைகளை நேரம் தவறாமல் ஓட்டும் ரியல் டைம் ஓஎஸ் எதுவென்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம்தான். அனுப்பும் வேலையைச் செய்யும் மென்பொருளான நெட்வொர்க் ஸ்டாக்கில்தான் ஒத்துப்போகவில்லை.

எனக்குப் பெரிய ஸ்டாக் பிடித்திருந்தது. சிக்னல் போனாலும் ஓர் அளவைக்கூட விடாமல் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும். அவள் சொன்ன சிறியது, ஒதுக்கிய மெமரியைத் தாண்டாது. நிறைந்தால் பழைய அளவுகளை அழித்துவிடும்.

"அழிச்சுப் போட்டா அப்பறம் என்னத்த அனுப்பறது?" என்றேன்.

"மலைல மாட்டிப் பாத்துட்டுப் பேசலாம்," என்றாள்.

மலைமேல் சாந்தன்பாறையில் ஸ்டோர் நடத்தும் ஓர் அக்கா இடம் கொடுத்தார். அவருடைய மகளுக்கு மலைக்குக் கீழே போடியில் பிரசவம் நெருங்கியிருந்தது. "போன்ல சூடு தெரிஞ்சாப் போதும் பாப்பா. நான் அங்கன போய் இருந்துக்கிருவேன்," என்றார். அடுத்தடுத்த அறைகளில், அவரவர் ஸ்டாக் ஓடும் கருவிப் போர்டை ஆளுக்கொன்றாக மாட்டினோம்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது, சிக்னலும் போனது. பால் விடாத கட்டஞ்சாயா குடித்துவிட்டு என் அறைப் பக்கம் போனேன். சுவரிலிருந்த வெப்பமானியில் சூடு அளவுக்கு மீறி ஏறியிருந்தது. நின்றிருக்க வேண்டிய விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்துவிட்டோம். அக்கா கீழ்த்தட்டுக் காயை அள்ளிப் பார்த்தார். "இது பச்ச போயி கொஞ்சம் வெளுத்திருச்சு. மத்தது தப்பிச்சுது."

லேப்டாப்பைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. அனுப்ப முடியாத அளவுகள் குவிந்து மெமரி முழுவதையும் அடைத்திருந்தன. சூட்டைக் கவனிக்கும் பகுதிக்கு இடமில்லாமல் அது அப்படியே உறைந்திருந்தது. பக்கத்து அறையில் அவளுடைய போர்டு விசிறியை ஒழுங்காக நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தது.

"சிக்னல் இல்லாதப்ப இதுல என்னம்மா தெரியும்?" என்று அக்கா அவளிடம் கேட்டார்.

"ஒண்ணும் தெரியாதுங்கக்கா. ஆனா சூடு மீறாது."

அக்கா வெளுத்த காயைத் தட்டில் திரும்பப் போட்டார். "அப்பச் சரி. இதையே வைங்க."

என் போர்டைக் கழற்றிப் பையில் வைத்தேன். ஆனால் ஒன்றும் தெரியாமல் அவர் போடியில் உட்கார்ந்திருப்பார் என்பது உறுத்தியது. ஊர் திரும்பியதும் அந்தச் சிறிய ஸ்டாக்கோடு ஒரு வேலையைச் சேர்த்தேன். சிக்னல் போயிருந்த நேரத்தில் ஏறிய அதிகபட்சச் சூடு எவ்வளவு என்று, சிக்னல் திரும்பியதும் ஒரே ஓர் எண்ணாக அது அனுப்பும். அவள் படித்துப் பார்த்து, "மெமரில இதுக்கு எடம் இருக்குது," என்றாள். மறுபடி மலையேறிப் போர்டில் அதைப் போட்டு, அக்காவிடம் விளக்கிவிட்டு வந்தோம்.

போடியிலிருந்து அக்கா ஒரு மாலை கூப்பிட்டார். "காலைலருந்து ஒண்ணுமே வரல. இப்பத்தான் அந்த நம்பர் வந்துச்சு. சூடு மீறல பாப்பா." பின்னால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. பேத்தியாம்.

இப்போது பூப்பாறைப் பக்கம் இன்னும் சில ஸ்டோர்களில் எங்கள் போர்டு ஓடுகிறது. ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே வைப்பதா, ஜன்னலோரமா என்பதில் எங்கள் வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.