பிள்ளைகளை அழவைக்கும் முகாம்

போன வாரம் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகளை அழவைத்தார்கள்.

அடிக்கவில்லை. திட்டவில்லை. ஆரஞ்சு டீ-சர்ட் போட்டு, பேனர் கட்டி, விளக்கை அணைத்து, சோகமாக இசை போட்டு அழவைத்தார்கள். இதற்குப் பெயர் தன்முனைப்பு முகாம், அதாவது மோட்டிவேஷன்.

கூலாய்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்கூல் லீவு விட்டால் போதும்... கிளம்பி வந்துவிடுவார்கள். ஜொகூர் பாருவிலிருந்து ஒரு கூட்டம், கோலாலம்பூரிலிருந்து ஒரு கூட்டம். கேட்டால் சமூக சேவை. நம் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தப் போகிறார்களாம். இரண்டு நாளில்!

நான் அங்கே கேண்டீன் நடத்துகிறவள். இந்த மாதிரி முகாம் வந்தால் நாசி லெமாக் கட்ட, மீகூன் பிரட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். கரண்டியோடு ஓரமாக நின்று பல முகாம்களைப் பார்த்துவிட்டேன். டீ-சர்ட் கலர்தான் மாறும்.

முதலில் மாலதி டீச்சரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டு வகுப்பு டீச்சர். ஒரு டீச்சரின் வருஷம் எப்படிப் போகிறது தெரியுமா? மீட்டிங். விளையாட்டுப் போட்டி. கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய விவரம். மேலதிகாரி வருகிறார் என்று சுவருக்குப் பெயின்ட். அவர் ஏன் வரவில்லை என்று இன்னொரு மீட்டிங். இடையில் நேரம் கிடைத்தால் பாடம்.

"வருஷம் பூரா எல்லா வேலையும் செஞ்சிட்டேன் அக்கா. படிச்சுக் குடுக்குற வேலைதான் பாக்கி," என்றார் ஒரு நாள், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே.

அந்தப் பாக்கிக்காகத்தான் வருஷக் கடைசி லீவில் வருகிறார். மற்றவர்கள் லங்காவித் தீவுக்கு டூர் போகிறார்கள். இவர் காலையில் என் கேண்டீன் மேசையில் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்க வைக்கிறார். சம்பளம் கிடையாது. பேனர் கிடையாது. யாரும் படம் எடுத்ததும் கிடையாது. வருஷம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தும் வாசிப்பு வராத பிள்ளைகள்தான் வருவார்கள்.

அதில் ஒருத்தி தர்ஷினி. எங்கள் ப்ளாட்டில் எனக்குக் கீழ் வீடு. அவள் அம்மா கலாவுக்குச் சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்ப வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டு சோபாவில் போட்டுவிட்டுப் போவாள். நான் கேண்டீனுக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போவேன். அப்பா இல்லை. அதாவது, எங்கேயோ இருக்கிறார்.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. லீவு விட்டுக் கொஞ்ச நாளில், டீச்சர் நீட்டிய புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஒரு முழுப் பக்கம். யாரும் கைதட்டவில்லை. டீச்சர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான்.

அப்போதுதான் ஆரஞ்சுச் சட்டைகள் வந்தன.

"டீச்சர், ரெண்டு நாளைக்கு உங்க கிளாஸ் வேணாம். பிள்ளைங்க எல்லாம் முகாமுக்கு வரட்டும்," என்றார் ஹெட்மாஸ்டர்.

"சார், இப்பதான் வாசிக்க ஆரம்பிச்சிருக்காங்க."

"வாசிப்பு எங்க ஓடிப் போகுது லா? பேப்பர்ல படம் வரும் டீச்சர்."

பேப்பரில் படம். அதற்கு மேல் யார் என்ன பேசுவது?

முதல் நாள் விளையாட்டு, கைதட்டல், பலூன். தொலையட்டும். இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் அவர்கள் வந்த வேலையே. ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள். மைக் பிடித்த தம்பி ஒருவர் குரலைக் குழைத்தார்.

"கண்ண மூடுங்க தங்கங்களே... காலையில வேலைக்குப் போன அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வரல... ரோட்டுல ஆக்சிடென்ட்... இனிமே அம்மா வரவே மாட்டாங்க... என்ன செய்வீங்க?"

கேட்பது ஏழு வயசுப் பிள்ளையிடம், எட்டு வயசுப் பிள்ளையிடம். அது என்ன செய்யும்? அழும். அழுதது. மண்டபமே அழுதது. ஆரஞ்சுச் சட்டைகள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள் — வேலை நடக்கிறதாம். நம் ஆட்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை. பிள்ளை அழுதால் திருந்திவிட்டது. எதிலிருந்து திருந்த வேண்டும்? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பிறகு விளக்கைப் போட்டு, வெளியே காத்திருந்த பெற்றோரை உள்ளே விட்டார்கள். பாத பூசை. அம்மா அப்பா காலைத் தட்டில் வைத்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூப் போட்டு, விழுந்து கும்பிட வேண்டும். இது இல்லாமல் இவர்களுக்கு முகாமே முடியாது. படம் எடுக்கிறவர் ஓடி ஓடி எடுத்தார்.

கலாவுக்கு அன்றைக்கு ஓவர்டைம். வர முடியவில்லை. தர்ஷினி தட்டோடு தனியாக நின்றாள்.

"அம்மா வரலியா? பரவால்ல தங்கம், இந்த ஆன்ட்டி உக்காருவாங்க," என்று முகாம் நடத்துகிற இயக்கத் தலைவரின் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தார் மைக் தம்பி. அந்த அம்மாளும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிவிட்டார். நல்ல மனசு!

பிள்ளை அசையவில்லை.

"பாருங்க, இந்தத் தங்கத்துக்கு மட்டும் அம்மா மேல பாசம் வரல..." மைக்கில் சொன்னார். அத்தனை பேர் காதிலும் விழ.

பின்னால் நின்றிருந்த மாலதி டீச்சர் நடந்து வந்தார். தட்டை வாங்கிக் கீழே வைத்தார். பிள்ளையின் கையைப் பிடித்தார்.

"டீச்சர், ப்ரோக்ராம் நடக்குது..."

"நீங்க நடத்துங்க."

கேண்டீனுக்குக் கூட்டி வந்தார். நான் மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

மறுநாள் விடியும் முன்னால் கலா என் கதவைத் தட்டினாள். கையில் பிள்ளை இல்லை.

"அக்கா, பாஸ்போர்ட்டக் காணோம்! ஐயோ, அலமாக்... எப்பவும் கைப்பையிலதான் வச்சிருப்பேன்..."

பாஸ்போர்ட் இல்லாமல் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்ட முடியுமா? வீட்டைக் கவிழ்த்துத் தேடினோம். தர்ஷினி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது, எடுத்தது யார் என்று. கேட்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அன்றைய வேலை போயிற்று. நாளைக்கும் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் போனில் கத்தினார். கலா கையை ஓங்கினாள்.

"ஏண்டி எடுத்த? வேலை போச்சுன்னா சோத்துக்கு என்னாடி செய்யிறது?"

பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"போனா நீ ரோட்டுல செத்துப் போயிருவ."

ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

பாசம் வரவில்லை என்று சொன்னாரே, அந்தப் பிள்ளைதான் இது.

மைக் தம்பிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"வாவ் அக்கா! நம்ம ப்ரோக்ராம் அந்த அளவுக்கு மனசத் தொட்டிருக்கு பாருங்க!"

போனை வைத்துவிட்டேன். இதற்கு மேல் பேசினால் நான் கெட்ட வார்த்தை பேச வேண்டியிருக்கும்.

மத்தியானம் டீச்சர் வந்தார். அறிவுரை சொல்லவில்லை. அப்படியெல்லாம் நடக்காது என்று சத்தியம் செய்யவில்லை. கலாவும் ஜொகூர் ரோட்டில்தானே ஓட்டுகிறாள், எதை நம்பிச் சத்தியம் செய்வது? கட்டிலில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா நல்லபடியா போய்ச் சேந்தாங்களான்னு உனக்குத் தெரியணும். அதானே?"

தலையாட்டினாள்.

"எனக்கும்தான் தெரியணும். கலா, போய் இறங்குனதும் என் போனுக்குப் பேசி அனுப்புங்க. இவ கேக்கட்டும். கேட்டுட்டுத்தான் வாசிப்போம்."

"உள்ள போனா போனை லாக்கர்ல வைக்கச் சொல்வாங்க டீச்சர்..."

"வைக்கிறதுக்கு முன்னாடி அனுப்புங்க."

"திரும்பி வர்றப்ப?" சுவர்ப் பக்கமிருந்து குரல்.

"கிளம்புறப்ப இந்தப் பெரியம்மா போனுக்கு ஒண்ணு," என்றேன் நான்.

பிள்ளை அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், செருப்பு அடுக்கில் இருந்த தன் ஸ்கூல் சப்பாத்துக்குள் கையை விட்டாள். லீவில் யார் அதைத் தொடப்போகிறார்கள்? பாஸ்போர்ட்டை எடுத்து அம்மா மடியில் வைத்தாள். கொடுத்த பிறகும் கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் காலை கேண்டீனில் மற்ற பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேசை மேல் இருந்த டீச்சர் போனையே பார்த்தாள். நேரம் போயிற்று. மெசேஜ் வரவில்லை. நானும் அதையே எட்டி எட்டிப் பார்த்து வெங்காயத்தைக் கருகவிட்டேன்.

டீச்சர் அவசரப்படுத்தவில்லை. வா, அதற்குள் ஒரு வரி வாசி என்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

வந்தது.

"சேந்துட்டேன்டா. பாலத்துல சரியான ஜாம். நீ பசியாறிட்டியா?"

இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். பிறகு புத்தகத்தைத் திறந்தாள். முகாமுக்கு முன்னால் ஒரு முழுப் பக்கம் வாசித்தவள், அன்றைக்கு இரண்டு வரியில் நின்றுவிட்டாள். டீச்சர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இதுதான் சேவை செய்ய வந்தவர்கள் விட்டுப்போன மிச்சம். அவர்கள் அழவைத்ததை ஒரு டீச்சர் தன் லீவில் உட்கார்ந்து துடைக்கிறார். பேப்பரில் படம் வந்தது. கண்ணும் மூக்கும் ஒழுகப் பிள்ளைகள். ஹெட்மாஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நேற்று மைக் தம்பியே கூப்பிட்டார். அடுத்த லீவுக்கும் வருகிறார்களாம். நான் போனை டீச்சரிடம் கொடுத்தேன்.

"வாங்க தம்பி. ஆளுக்கு ஒரு கதைப் புத்தகம் கொண்டு வாங்க. ஆளுக்கு ஒரு பிள்ளை பக்கத்துல உக்காந்து வாசிக்க வைங்க. லீவு முடியிற வரைக்கும்."

"லீவு முழுக்கவா டீச்சர்?"

"முழுக்க."

அவருக்கு அவ்வளவு லீவு கிடைக்காதாம்.