பேச்சிமுத்து அண்ணாச்சியின் எஞ்சினுக்குக் காற்று வந்த வழி

எஞ்சின் பட்டறைக்கு வருகிறவர்கள் நோயாளியோடு குற்றவாளியையும் சேர்த்தே அழைத்து வருவார்கள். எங்கள் பட்டறையில் அந்தக் குற்றவாளியின் பெயர் எப்போதும் எண்ணெய்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் மூன்று. ஒன்று: டீசல் எஞ்சினில் டீசலுக்குப் பதிலாகப் புன்னை எண்ணெயையோ புங்க எண்ணெயையோ எரிக்கலாம். ஆனால் அவை கெட்டியானவை; சூடாக்கி இளகச் செய்து, காற்றையும் தாராளமாகக் கொடுத்தால்தான் முழுமையாக எரியும். இரண்டு: காற்று குறைந்தால் எஞ்சின் கரும்புகை கக்கும், தண்ணீரை இழுக்காது. மூன்று: ஸ்ரீவைகுண்டத்தில் வாழை பயிரிட்டிருக்கும் பேச்சிமுத்து அண்ணாச்சியும், அடுத்த தோட்டத்துக்காரரான அவருடைய மைத்துனர் ஆறுமுகமும் பேசிக்கொள்வதில்லை. அண்ணாச்சி மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் ஆறுமுகம் பந்தி முடிந்தபின் வந்து சேர்ந்தார் என்பதே காரணம். ஆறுமுகத்திடம் மின்மோட்டார் உண்டு. அண்ணாச்சியிடம் நாங்கள் புன்னை எண்ணெய்க்கு மாற்றிக் கொடுத்த எஞ்சின் மட்டுமே உண்டு. அது நின்றால் குலை தள்ளிய வாழை காய்ந்துபோகும். இல்லையேல், மைத்துனரிடம் தண்ணீர் கேட்க வேண்டும். இவற்றுள் எது கொடியது என்பதில் அண்ணாச்சிக்கு ஐயமே இருந்ததில்லை.

பாளையங்கோட்டையில் இந்தப் பட்டறையை என் தம்பி ஞானராஜும் நானும் நடத்துகிறோம். எண்ணெய் போகும் வழி அவன் பொறுப்பு; பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று வந்த எனக்குக் காற்று போகும் வழி. இதே தொழிலில் உழல்கிறவர்களுக்கு இனி வருவதில் எதுவும் வியப்பளிக்காது.

துணி

"எண்ணெய் சரியில்ல டீச்சர், எஞ்சின் இருமுது" என்று அண்ணாச்சி தொலைபேசியில் சொன்னார். போய்ப் பார்த்தோம். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வாயில் பழைய வேட்டி ஒன்று நான்காக மடித்து இறுகக் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்தேன். எஞ்சின் உடனே சீராக ஓடியது. தெற்கே இருக்கும் செங்கல் சூளையின் தூசியைத் தடுக்கவே கட்டினாராம். தூசியைத் தடுக்க வடிகட்டி இருக்கிறது. வேட்டி காற்றையே தடுக்கிறது என்று விளக்கினேன்.

அண்ணாச்சி வேட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கொரோனாவுல எங்களுக்கு ரெண்டு மாஸ்க் போடச் சொன்னாவ. அதுக்கு மட்டும் நுரையீரல் இல்லையா டீச்சர்?"

சந்தனம்

ஆயுத பூசை முடிந்த மறுநாள் மீண்டும் அழைப்பு. மீண்டும் எண்ணெய்மேல் புகார். இம்முறை வடிகட்டி மூடியின் துளைகள் அனைத்தும் சந்தனத்தால் நிரம்பியிருந்தன. ஒவ்வொரு துளைக்கும் ஒரு குங்குமப் பொட்டு. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது; அண்ணாச்சியின் மனைவி செல்லத்தாய் செய்தது. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, இது எஞ்சினின் மூக்கு, இங்கே பூசலாகாது என்றேன்.

செல்லத்தாய் முழு மரியாதையோடு கேட்டார்: "சரி டீச்சர், மூக்க விட்டுருதேன். எஞ்சினுக்கு நெத்தி எது?"

கொட்டகை

மூன்றாம் முறை எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சின் நின்று நின்று ஓடியதால் பாத்திகள் வெடித்திருந்தன. குலைகளின் கனத்தில் மரங்கள் சாயத் தொடங்கியிருந்தன. எஞ்சினைச் சுற்றித் தகரத்தாலும் பாலித்தீனாலும் இடைவெளியே இல்லாத புதுக் கொட்டகை ஒன்று எழுந்திருந்தது. புகைக்குழாயும் அதற்குள்ளேயே. கதவைத் திறந்து உள்ளே போன ஞானராஜ் முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தான். எஞ்சின் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு அண்ணாச்சி இப்பிடி அடைச்சீய?" என்று கேட்டான்.

அண்ணாச்சி கிழக்கு வேலியைப் பாராமல், ஆனால் அதற்குக் கேட்கும்படி சொன்னார்: "புகை தெரிஞ்சா அங்கன ஒருத்தன் பல்லக் காட்டிட்டு நிக்கான். அவனுக்குத் தெரியாம பைய ஓடட்டும்னுதான் வே!"

வேலி

தகரத்தைப் பிரித்தோம். நீண்ட குழாய் ஒன்றை வைத்துத் தூய காற்று உள்ள இடத்திலிருந்து இழுக்க வேண்டும் என்பது என் முடிவு. தெற்கே சூளைத் தூசி. வடக்கே எஞ்சினின் சொந்தப் புகை. மேற்கே வாய்க்கால், காற்றோடு தண்ணீரும் உள்ளே போனால் எஞ்சினே உடையும். எஞ்சியது கிழக்கு. கிழக்கே ஆறுமுகத்தின் வேப்பமர நிழல்.

அண்ணாச்சி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "தண்ணி கேக்கக் கூடாதுன்னுதான இந்தப் பாடு? இப்ப காத்தக் கேக்கச் சொல்லுதீயளா?"

"நீங்க இருங்க, எந்தம்பிகிட்ட நான் கேக்கேன்" என்று செல்லத்தாய் எழுந்தார். அது அதனினும் இழிவு என்று தோன்றியதோ என்னவோ, அண்ணாச்சி சாய்ந்த மரங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாமே வேலிவரை போனார். போய், வேப்பமரத்திடம் சொன்னார்: "இங்கன ஒரு குழாய் வரணும். காத்துக்கு."

மரத்தடியில் இருந்த ஆறுமுகம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். வேலிக்கு அப்பால் தம் மண்ணில் ஓரிடத்தைக் காட்டினார். அண்ணாச்சியின் வாழையை நோக்கி ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டு, வேலியோடு நின்றிருந்தது.

"தண்ணி கேப்பீயன்னு வெட்டிப் போட்டு உக்காந்திருக்கேன் அத்தான். நீங்க என்னடான்னா காத்தக் கேக்கீய! எடுத்துக்கிடுங்க, அதுக்கு மீட்டர் இல்ல."

பின்னர் உறுதியான செய்திகள்: குழாய் வேப்பமரத்தடியில் இருக்கிறது. புகை கண்ணுக்குத் தெரிவதில்லை. குலைகள் திரண்டு சந்தைக்குப் போயின. இவ்வாண்டு சந்தனம் எண்ணெய்த் தொட்டிக்குப் பூசப்பட்டது. நெற்றி அதுவே என்று தீர்ப்பளித்தவள் நான். ஆறுமுகம் வெட்டிய வாய்க்காலில் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீரும் ஓடவில்லை. ஆயினும் அவர் அதில் புல் முளைக்க விடுவதில்லை. குளித்துவிட்டு ஈரத்துண்டை அவர் அந்தக் குழாய் வாயிலேயே காயப் போடுவதால், நாள்தோறும் காலையில் அண்ணாச்சி வேலிக்கு இப்பால் நின்று பேச வேண்டியிருக்கிறது: "ஏலே மாப்ள, துண்ட எடுலே, மூச்சு முட்டுதுல்லா!"

எஞ்சின் இழுக்கவில்லை என்று இப்போது யார் வந்தாலும், எண்ணெயைப் பார்க்குமுன் காற்றையும், காற்றைப் பார்க்குமுன் பக்கத்துத் தோட்டக்காரர் என்ன உறவு என்பதையும் விசாரித்துக்கொள்கிறேன்.