சந்தனம் பூசிய வாக்கி டாக்கி

எண்பதுகளின் தொடக்கத்தில், போடிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் எழுத்தர். முதலாளி மூன்று வாக்கி டாக்கி வாங்கினார். தோட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் ஜீப் ஓட்டுநரிடம் ஒன்று, போடி ஏல மையத்தில் எங்கள் ஆளிடம் ஒன்று. மலைக்கும் ஊருக்கும் நேராகப் பேச்சு எட்டாது. ஆகவே பாதி வழியில், கொண்டை ஊசி வளைவில், மூன்றாவதோடு நான், மேலே பேச ஓர் அலைவரிசை, கீழே பேச வேறொன்று.

சரக்குக்கு விலை வந்ததும், கொடுக்கலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிடத்துக்குள் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது முறை சோதித்தேன். பத்தொன்பதிலும் ஓட்டுநர் "வணக்கம்ணே" என்று தொடங்கி "வச்சிர்றேண்ணே" என்று முடித்தார். அந்த மரியாதை உட்பட நான்கு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் பதில் வரும், வராவிட்டால் வேலையை விட்டுப் போகிறேன் என்று முதலாளிக்கு எழுதியே கொடுத்தேன்.

ஆயுத பூசை வந்தது. ஓட்டுநர் ஜீப்புக்குச் சந்தனம் பூசினார். கருவிதானே என்று வாக்கி டாக்கிக்கும் பூசினார், பேசும் துளையில் தாராளமாக. அடுத்த ஏலத்தன்று காலையில் துளையில் சந்தனம் கல்லாகியிருந்தது. நான் பேசுவது அவருக்குக் கேட்டது. அவர் பேசினால் எனக்குக் 'கர்' என்ற இரைச்சல் மட்டும்.

"மாப்ளே, பேசாத. கொடுக்கலாம்னா பொத்தானை ஒரு தடவ அமுக்கு, வேணாம்னா ரெண்டு தடவ," என்றேன்.

பதினொரு மணிக்குக் கீழிருந்து விலை வந்தது. மேலே சொன்னேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் பதில்: கர், கர், கர்.

மூன்றுக்கு நாங்கள் ஒன்றும் பேசி வைக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். முதலாவது வணக்கம், கடைசி வச்சிர்றேன், மீதி ஒன்று. "கொடுத்துரலாம்" என்று கீழே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனால் முதலாளி வாசலிலேயே நின்றார். "வேணாம்னு சொன்ன சரக்க யார்யா கொடுக்கச் சொன்னது?"

ஓட்டுநரைப் பார்த்தேன். "ரெண்டுதாண்ணே அமுக்குனேன்," என்றார்.

"மூணு வந்துச்சே."

"மொத தடவ அமுக்குனது தொண்டையைக் கனைச்சதுண்ணே, அது கணக்குல வராது. முதலாளி பக்கத்துல இருக்கையில கனைக்காமயா பேசுறது?"

முதலாளி என் தாளைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு முறை படித்தார். ஐந்து நிமிடத்துக்குள் பதில் வரும் என்றிருந்தது. சரியாக வரும் என்று எங்கும் இல்லை. அதனால் வேலை தப்பியது. வளைவுக்கு மட்டும் மறுநாளிலிருந்து வேறு ஆளை அனுப்பினார், எண்ணத் தெரியாதவனாகப் பார்த்து.