போர்டில் எழுதியிருந்த பாஸ்வேர்டு

குளுவாங்கில் எங்கள் நெட்வொர்க் கடையின் பிரிண்டர் தானாக ஓட ஆரம்பித்தபோது, பாஸுக்கு எதிரே காஹாங் செம்பனை எண்ணெய் ஆலை மேனேஜர் உட்கார்ந்திருந்தார். ஆலை முழுக்க வைஃபை போட்டு, அதன் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பற்றிப் பேச வந்திருந்தார். அது கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு எல்லாரும் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போகவேண்டியதுதான் என்று பாஸ் காலையிலேயே சொல்லியிருந்தார்.

முதல் தாள் விழுந்தது. "புருவம் த்ரெடிங், மணப்பெண் அலங்காரம், தீபாவளிச் சலுகை." அடுத்த தாளும் அதுவே.

"இது என்ன?" என்றார் மேனேஜர்.

"டெஸ்ட் பிரிண்ட் சார்," என்றார் பாஸ். பொய் சொல்வதில் அவருக்கு டிப்ளோமா கொடுக்கலாம்.

வினை வந்த வழி

போன வாரம் பாஸ் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார்: 'பக்கத்துக் கடை வைஃபைக்குள் நுழைவது எப்படி?' படித்துப் பயந்து எல்லாரும் எங்களிடம் ஓடி வருவார்களாம். அதில் முதல் வழி, சைன்போர்டில் இருக்கும் போன் நம்பரைப் போட்டுப் பார்ப்பது. நம் ஊரில் ஏகப்பட்ட கடைகளுக்கு அதுதான் பாஸ்வேர்டு. மறக்காது பாருங்கள்.

நான் சண்டையே போட்டேன். "பாஸ், எப்படிப் பூட்டறதுன்னு எழுதுங்க. தெறக்கறது எப்படின்னு எதுக்கு?"

"தெறந்து காட்டுனாத்தான் ஜெசி பயம் வரும். நீ சும்மா இரு லா."

பயம் யாருக்கும் வரவில்லை. லைக்தான் வந்தது.

மாலா அக்கா இறங்கி வந்தார்

மேல்மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் மாலா அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். "என் பேப்பர் வந்துருச்சா பாஸ்? என் மிஷின்ல இங்க் முடிஞ்சிருச்சு."

"எங்க வைஃபைல எப்படி நுழைஞ்சீங்க?" பாஸ் பல்லைக் கடித்தார்.

"நீங்கதானே எழுதினீங்க? போர்டைப் பாத்தேன், நம்பரப் போட்டேன், போன்ல உங்க பிரிண்டர் தெரிஞ்சுச்சு. அடுத்தவங்க கடையில செஞ்சா பாவம் லா. அதான் சொல்லிக் குடுத்தவர் கடையிலயே செஞ்சேன்."

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த எங்கள் கடைக்கும் போர்டு நம்பர்தான் பாஸ்வேர்டு! எப்போதோ மாற்றிவிட்டதாக என்னிடம் சத்தியம் செய்திருந்தார் அந்த மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரவுட்டரைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

மேனேஜர் எழுந்தார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"அந்தப் போஸ்ட்ட எப்பப் போட்டீங்க?"

"போன வாரம் சார்."

"அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "எங்க ஆலை பாஸ்வேர்டும் கேட் போர்டுல உள்ள நம்பர்தான்யா! லாரி எடை போடற மிஷினே அதுலதான் ஓடுது. சாமானெல்லாம் எடுங்க, இப்பவே கிளம்புங்க!"

வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்படவும் வெட்கமாக இருந்தது. போகிற வழியில் பாஸ் மெதுவாகச் சொன்னார், "போஸ்ட்டத் தூக்கிடு ஜெசி." தூக்கினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, ஓட்டையைக் கண்டால் முதலில் உரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் அடைக்கட்டும். பிறகு ஊருக்கு எழுதுங்கள், அடைக்கும் வழியோடு எழுதுங்கள். எழுதிவிட்டு அழித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். பெக்கான் நானாஸிலிருந்து என் மாமியார் பாஸின் பதிவை வரி விடாமல் அனுப்பியிருந்தார். கீழே, 'பயனுள்ள தகவல். பத்து பேருக்கு அனுப்பவும்.'

உலை வைப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டு பாஸ்வேர்டை மாற்றினேன்.