உள்ளே போகாமல் நடந்த வேலை

எண்பதுகளில் ஓர் இருப்பிடச் சான்றிதழுக்காகப் பெரியகுளம் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். அங்கே பியூன், ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று வாசலை அடைத்து உட்கார்ந்திருப்பார். வலது கை மட்டும் எப்போதும் குவிந்தே இருக்கும். அதில் கம்பம் திராட்சையை வைத்துப் பார்த்தேன், ஆள் அசையவில்லை. மூன்றாம் நாள் மூக்குப்பொடி டப்பாவை வைத்தேன். விரல்கள் மூடின, முதுகு வளைந்தது, உள்ளே இருந்த கால் அதிகாரியின் மேசையைத் தட்டியது. ரப்பர் ஸ்டாம்பு விழும் சத்தம் கேட்டது.

"நான் உள்ள வரணும்ல?" என்றேன்.

"நீங்க எதுக்கு சார்? ஐயா கையெழுத்துப் போட்டுட்டாக."

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் வாத்தியார். இன்சுலின் என்ற புரதமும் செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் வாசலில் இருக்கும் ஏற்பி (ரிசப்டர்) என்ற இன்னொரு புரதத்தில் பொருந்தி, அதன் வடிவத்தை மாற்றியே உள்ளே வேலையை முடித்துக்கொள்கிறது. நம்பாத மாணவனை, ஒரு சான்றிதழ் வாங்கி வா என்று அந்த வாசலுக்கு அனுப்பிவைப்பேன்.