டகோட்டாவில் இறந்தவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மளிகைக் கடை. என் விடுதித் தோழியான அமெரிக்க யூதப் பெண் ரூத், ஒரு நாள் முழுக்க எரியும் மெழுகுவர்த்தி வாங்குகிறாள். ரஷ்யாவிலிருந்து போய், அமெரிக்காவின் டகோட்டாப் புல்வெளியில் நிலம் திருத்தி, பிள்ளை பெற்ற கையோடு இறந்த அவள் கொள்ளுப்பாட்டிக்கு இன்று மாலை நினைவு நாள் தொடங்குகிறது; யூத வழக்கப்படி நாளை மாலை வரை ஒரு சுடர் எரிய வேண்டும்.

விடுதியில் நெருப்புக்குத் தடை என்று நான் நினைவூட்டியதும் அவள் முகம் வாடுகிறது.

நான் தமிழில் விவரம் சொன்னதும், கடைக்கார யாழ்ப்பாணத்து அக்கா கேட்கிறார்: “அங்கை அவவின்ரை கல்லறைக்கு ஆர் போறவை?”

“யாரும் இல்லையாம். அந்த ஊரே இப்போது இல்லையாம்” என்கிறேன், ரூத்திடம் கேட்டுவிட்டு.

“அப்ப இஞ்சை எரியட்டும். நாளைக்குப் பின்னேரம் வரை நான் பாத்துக்கொள்ளுறன்.”

இருட்டத் தொடங்கியதும், தன் இறந்த தம்பியின் படத்தருகே தண்ணீர்த் தட்டில் மெழுகுவர்த்தியை வைத்து, தீப்பெட்டியை ரூத்திடம் நீட்டுகிறார்.

“அவவின்ரை பேர் என்ன?”

நான் மொழிபெயர்த்ததும், “ஹன்னா” என்கிறாள் ரூத். அக்கா அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்க்கிறார்.