கொதித்த ரேடியேட்டரும் ஒரு சாக்கும்

இன்று காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாரி கொதித்து நின்றது. பானெட்டைத் தூக்கியதும் ஆவி குபுகுபுவென்று எழுந்தது. துருவும் சுடுதண்ணீரும் நனைந்த சணலும் கலந்த ஒரு வாசனை. உங்களுக்கு அது வெறும் மோட்டார் நாற்றமாக இருக்கலாம். நான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதை மறந்து டீக்கடைச் சுவரில் சாய்ந்துவிட்டேன். கிளீனர் ஒரு கோணியை நாலாக மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லத் திருகினான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். லாரி கிளம்பிப் போன பிறகும் என் கால் நகரவில்லை.

ஒரு மாதமாகவே இப்படித்தான். இங்குள்ள டிரைவர்கள் சங்கத்தார், கார் ஓட்டுகிற எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டிய சின்னச் சின்ன வேலைகளைப் பற்றித் தமிழில் ஒரு சிறு புத்தகம் எழுதித் தரச் சொன்னார்கள். எண்ணெய்க் குச்சியைத் துடைத்துப் பார்ப்பது, பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பஞ்சர் ஒட்டுவது, ஸ்டார்ட் செய்ய ஹாண்டில் போடும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் இருப்பது எல்லாம் எழுதிவிட்டேன். ரேடியேட்டர் பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறது.

கார் ஓட்டத் தெரியாத வாத்தியாரிடம் ஏன் கேட்டார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நியாயம்தான். நான் காரைப் படித்தவன், ஓட்டியவன் அல்ல.

எங்கள் வீட்டில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். காவேரிப்பட்டினத்தில் அப்பா ஏர் ஓட்டினார். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும், உத்தனப்பள்ளிப் பக்கம் நிலபுலன் நிறைய உள்ள ஒருவரிடம் கடிதம் எழுதும் வேலை கிடைத்தது. ஊரே அவரை எசமான் என்றது, நானும் அப்படியே அழைத்தேன். சீமைக்குக் கப்பல் ஏறிய ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் பெங்களூரில் ஒரு கறுப்புக் கார் வாங்கியிருந்தார். காரோடு ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. காரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லும் புத்தகம். அதை டிரைவருக்குப் படித்துச் சொல்வதும் என் வேலையாயிற்று.

டிரைவர் மாரப்பா என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரன். எழுத்து தெரியாது. ஆனால் என்ஜின் இருமினால் எந்தச் சிலிண்டருக்குச் சளி என்று சொல்லிவிடுவான். அவனுக்குத்தான் நான் பாடம் எடுத்தேன்! முதல் நாளே ரேடியேட்டரை 'வெப்பம் தணிக்கும் கலம்' என்று மொழிபெயர்த்தேன். அவன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான்.

"மேஷ்ட்ரே, இந்தப் பேரக் கேட்டா காரு பயந்துக்கும். ஸ்டார்ட்டே ஆவாது."

அன்றிலிருந்து அவனுக்கு நான் 'மேஷ்ட்ரு', அதாவது வாத்தியார். இப்போது நிஜமாகவே வாத்தியாராகிவிட்டேன். என்னை அப்படிக் கூப்பிட்டவன்தான் பக்கத்தில் இல்லை.

காலையில் ரேடியேட்டருக்கு நான் தகர டப்பாவால் தண்ணீர் ஊற்றுவேன். அவன் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பான். நிரம்பியதும், "சாக்கு, சாக்கு" என்பான். முதல் நாள் நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய், முன்சீட்டுக்கு அடியில் கிடந்த கோணியை இழுத்துவந்து நீட்டினேன்.

"இது எதுக்கு மேஷ்ட்ரே?"

"நீதான சாக்கு கேட்ட?"

"அய்யோ, போதும்னு சொன்னன். எங்க பாஷையில சாக்குன்னா போதும். இது கோணி!"

"எங்க ஊர்ல இதத்தான் சாக்குன்னு சொல்றது."

"நல்ல ஊருய்யா உங்குளுது! இலையில சோறு போடறப்ப போதும்னா மூட்டையத் தூக்கினு வருவீங்களா?"

கோணி என்பது எங்கள் இருவருக்கும் பொதுவான சொல். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் படித்தவன் சும்மா இருப்பானா? சாக்கு என்றே சொல்லிப் பழகு என்று ஒரு வாரம் அவனை விரட்டினேன். அவனும் எனக்காகக் கற்றுக்கொண்டான். நான் அவனுக்காக அவனுடைய 'சாக்கு'வைக் கற்றுக்கொண்டேன். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. காதுக்கும் மயிரிழை வித்தியாசம்தான்.

அது ஒரு சித்திரை மாதம். ஓசூர்ப் பங்களாவில் யாரோ பெரிய அதிகாரி வந்து இறங்கியிருந்தார். உச்சிப்பொழுதுக்குள் எசமான் அவரைப் பார்த்தாக வேண்டும். சானமாவுக் காட்டு மேட்டில் கார் கொதித்து நின்றது. ரோட்டில் யானை லத்தி ஈரம் காயாமல் கிடந்தது. எசமான் பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினார்.

"எத்தினி நேரம்டா? ஆன வர்ற எடத்துல நிறுத்தி வெச்சினு."

"ஆறட்டும் எசமான், கொதிக்குது."

"உனுக்காக அந்த ஆபீசரு ஒக்காந்துனு இருப்பாரா? தெறடா."

மாரப்பா என்னைப் பார்த்தான். புத்தகம் என் கையில் இருந்தது. நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடாதே என்ற வரியின் கீழே நானே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அதை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். என் வேலையைப் பற்றி அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் தோள்துண்டை மூடியின்மேல் போட்டான். ரேடியேட்டரின் முன்பக்கம் என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னான், கொஞ்சம் சூடு தணியட்டும் என்று. ஊற்றினேன். அரைத் திருகு திருகியதுமே சீறியது. துண்டு நனைந்து கொதித்தது. கையை எடுத்தால் மூடி பறக்கும், எடுக்காவிட்டால் கை வேகும். இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கத்தினான்.

"சாக்கு! சாக்கு!"

அவன் என் மொழியில் கேட்டான். நான் அவன் மொழியில் கேட்டேன்.

ஊற்றுவதை நிறுத்தி, டப்பாவைக் கீழே வைத்து, பாடம் ஒப்பித்த பையனைப் போல நிமிர்ந்து நின்றேன். கோணி என்னிடமிருந்து மூன்று எட்டில், சீட்டுக்கு அடியில் கிடந்தது. மூடி பறந்தது.

அதன் பிறகு நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவனை மரத்தடியில் படுக்க வைத்துவிட்டு, ராயக்கோட்டையிலிருந்து பஸ் வரும்வரை நாங்கள் காத்திருந்தோம். புத்தகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். அந்தக் காரை ஓர் அடி நகர்த்தத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எசமானிடம், போதும் என்கிறான் என்று நினைத்துவிட்டேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாக்குச் சொல்ல மட்டும் நல்லா வருதுடா உனுக்கு. சாக்க எடுத்துக் குடுக்கத்தான் வரல."

தமிழில் அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு. அதை மாரப்பாவுக்கு நான் கற்றுத்தரவே இல்லை.

ஒரு வருஷம் கழித்து அவனைப் பார்க்கப் போனேன். ஒரு கண் மூடிப்போயிருந்தது. மறு கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். மாமனார் வீட்டு வாசலில் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவிப் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான். என் இருமலிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டான்.

"மேஷ்ட்ரா? காரு எப்படி இருக்குது? தண்ணி பாக்கறாங்களா?"

பார்க்கிறார்கள் என்றேன். கார் மாட்டுக் கொட்டகையில் டயர் இறங்கி நின்றது. கோழிகள் அதில் முட்டையிட்டன. நான் மன்னிப்புக் கேட்க எதையோ தொடங்கினேன். அவன் என்னை முடிக்க விடவில்லை.

"தப்பு என்னுது மேஷ்ட்ரே. கோணின்னே சொல்லிருக்கணும். அவசரத்துல உன் பாஷை வந்துருச்சு."

அவன் மனைவி டம்ளரில் மோர் ஊற்றினாள். அந்த வீட்டில் நிறுத்தச் சொல்ல ஒரே சொல்தான் உண்டு. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள். என்னால் சொல்ல முடியவில்லை. டம்ளர் நிறைந்து, மோர் என் கையில் வழிந்து புளிமேல் சிந்தியது. சத்தம் கேட்டு மாரப்பா, "சாக்கு, சாக்கு" என்றான், அவளிடம்.

போன ஞாயிற்றுக்கிழமை, எழுதியவரைக்கும் அவனுக்குப் படித்துக்காட்டலாம் என்று போனேன். வீடு பூட்டியிருந்தது. மைசூர்ப் பக்கம் போனார்கள் என்றார் ஒருவர். கோலார்ப் பக்கம் என்றார் இன்னொருவர். காரைப் பழைய இரும்புக்காரன் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எசமானும் இல்லை. சானமாவு மேட்டில் எந்த மரத்தடி என்று இப்போது அடையாளம் தெரியவில்லை.

ரேடியேட்டர் பக்கத்தை இன்றிரவு எழுதிவிடுவேன். காரில் எப்போதும் ஒரு கோணி வைத்திருக்கவும் என்று எழுதுவேன். ஓசூரில் எந்தக் கன்னட வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், "சாக்கா?" என்று கேட்கிறார்கள். நான் இலைக்குமேல் கையை விரித்துக் காட்டுகிறேன். கையைக் கவனிக்காதவர்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.